பழைய விற்கள் சேகரிப்பு

பழைய விற்கள் சேகரிப்பு என்பது வழக்கொழிந்த அல்லது அரிதாகிவிட்ட அம்பெய்யும் விற்களைத் தேடித் திரட்டி, அடையாளங்கண்டு, பாதுகாத்து, அவற்றைச் செய்த கைவினைஞர்களைப் பற்றிய செய்திகளைப் பதிந்து வைக்கும் முயற்சி ஆகும். அருங்காட்சியகங்கள், அரண்மனைப் படைக்கலக் கொட்டில்கள், விற்கலைக் கழகங்கள், தனியார் எனப் பலரும் இதில் ஈடுபட்டு வந்துள்ளனர். வாள், கேடயம், துப்பாக்கி ஆகியவற்றைச் சேகரிப்பதைவிட வில்லைச் சேகரிப்பது கடினமானது. மரம், மூங்கில், கொம்பு, தசைநாண், தோல், பசை போன்ற அழியும் பொருள்களால் பெரும்பாலான விற்கள் செய்யப்பட்டமை இதற்கு முதன்மைக் காரணம். வில்லை ஏந்தியவர்களின் பெயர்கள் நிலைத்த அளவுக்கு வில்லைச் செய்தவர்களின் பெயர்கள் நிலைக்காமை மற்றொரு காரணம் ஆகும்.

தமிழகத்தில் வில்

வில்லுக்குத் தமிழில் சிலை, தனு, சாபம், கோதண்டம், கார்முகம், சார்ங்கம் எனப் பல பெயர்கள் வழங்கியுள்ளன. சேரரின் சின்னம் வில் ஆகும். சங்ககாலச் சேரர் காசுகளில் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டுள்ளன. கொல்லிமலையை ஆண்ட ஓரி, வில்லாற்றலால் வல்வில் ஓரி எனப்பட்டான். அவன் எய்த ஒரே அம்பு பல விலங்குகளை ஊடுருவிச் சென்றதை வன்பரணர் பாடிய புறநானூற்று 152 ஆம் பாடல் கூறுகிறது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சாவூர்க் கல்வெட்டுகளில் "பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்" என்னும் விற்படைப் பிரிவு குறிக்கப்பட்டுள்ளது. போர் வில் தவிர, நாணில் அம்புக்கு மாற்றாக மண் உருண்டையை வைத்து எறியும் உண்டைவில்லும் தமிழகத்தில் வழக்கிலிருந்தது. இராமன் இளமையில் கூனியின் மீது உண்டை எய்த செய்தியைக் கம்பர் குறிப்பிடுகிறார்.

இச்சான்றுகள் யாவும் வில்லாளியைப் பற்றியவை. வில் எவ்வாறு, எதனால் செய்யப்பட்டது என்பதற்கு அர்த்தசாத்திரம் போன்ற நூல்களையே நாட வேண்டியுள்ளது. பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகிய நான்கினாலும் செய்யப்பட்ட விற்களை அந்நூல் பிரித்துக் கூறுகிறது. நாண் செய்வதற்கு எருக்கு, சணல், மூங்கில் முதலியவற்றின் நாரையும் விலங்குகளின் தசைநாணையும் அது குறிப்பிடுகிறது. இவற்றுள் பனையும் எருக்கும் தென்தமிழகத்தில் எளிதாகக் கிடைப்பவை.

புளியங்குடியும் தென்பாண்டிப் பகுதியும்

புளியங்குடி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சங்கரன்கோவிலுக்கு மேற்கே அமைந்த நகரம் ஆகும். 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இந்நகரம் தற்போது தென்காசி மாவட்டத்தில் உள்ளது. இதன் அண்மையிலுள்ள நெற்கட்டும்செவல், 18 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் பூலித்தேவரின் ஊர் ஆகும். பாளையக்காரர் போர்களின் முடிவில், 1801 திசம்பர் 1 ஆம் நாள், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிவிப்பு, தென்பகுதிப் பாளையங்களில் படைக்கலங்கள் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. படைக்கலங்கள் ஒப்படைக்கப்பட்டன. குடும்பங்களில் வழிவழியாகக் காக்கப்பட்டிருக்கக்கூடிய பழைய போர்க்கருவிகள் இப்பகுதியில் குறைந்து போனதற்கு இந்நடவடிக்கை ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

எனினும் வில்லின் வடிவம் இப்பகுதியில் வேறொரு வகையில் வாழ்கிறது. தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கோயில் கொடை விழாக்களில் நிகழும் வில்லுப்பாட்டில் முதன்மைக் கருவி வில்லே ஆகும். பனை, மூங்கில் முதலியவற்றால் செய்யப்படும் நீண்ட வில்லில் தோல் நாணைப் பூட்டி, மணிகளைத் தொங்கவிட்டு, மண்குடத்தின் மீது சார்த்தி, வீசுகோலால் நாணை அடித்து இசைப்பர். உடுக்கை, தாளம், கட்டை ஆகியன துணைக் கருவிகள். வேட்டையிலும் போரிலும் நாண் எழுப்பிய ஒலியிலிருந்து இக்கலை பிறந்தது என்ற விளக்கம் மரபாகக் கூறப்படுகிறது. என். எஸ். கிருஷ்ணன் (1908-1957), கொத்தமங்கலம் சுப்பு, 2021 இல் பத்மசிறீ விருது பெற்ற சுப்பு ஆறுமுகம் (1928-2022) போன்ற வில்லிசைக் கலைஞர்களின் பெயர்கள் பரவலாக அறியப்பட்டவை. அவர்கள் இசைத்த விற்களைச் செய்த தச்சர்களின் பெயர்கள் அவ்வாறு அறியப்படவில்லை. அம்பெய்யும் வில்லுக்கு நேர்ந்ததே இசைக்கும் வில்லுக்கும் நேர்ந்துள்ளது.

விற்களின் வகைகள்

சேகரிப்பாளர்கள் விற்களை அவற்றின் கட்டமைப்பைக் கொண்டு வகைப்படுத்துகின்றனர்.

தனிமர வில்: ஒரே மரத்துண்டு அல்லது மூங்கில் துண்டால் ஆனது. இங்கிலாந்தின் நெடுவில், இந்தியப் பழங்குடிகளின் மூங்கில் வில், இலங்கை வேடர்களின் வில் ஆகியன இவ்வகையின. அந்தமான் தீவுகளின் வடபகுதியில் வழங்கிய வில், இரட்டை வளைவுடன் தனித்த தோற்றம் கொண்டது.

கூட்டு வில்: மரத்தாலான நடுத்தண்டின் இரு புறமும் வேறு பொருள்கள் ஒட்டப்பட்டது. வில்லை இழுக்கும்போது எய்பவரை நோக்கிய உட்புறம் நெருக்கப்படுகிறது. இலக்கை நோக்கிய வெளிப்புறம் இழுபடுகிறது. நெருக்கத்தைத் தாங்கும் எருமைக் கொம்பு உட்புறத்திலும், இழுவிசையைத் தாங்கும் தசைநாண் இழைகள் வெளிப்புறத்திலும் விலங்குப் பசையால் ஒட்டப்படும். இதனால் குட்டையான வில்லிலும் மிகுந்த ஆற்றலைத் தேக்க முடிகிறது. ஒவ்வோர் அடுக்கும் நன்கு உலர வேண்டியிருப்பதால் ஒரு வில்லைச் செய்து முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். முகலாயர் கால வட இந்திய விற்களிற் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் மேற்பரப்பில் அரக்கு வண்ணம் பூசிப் பூவேலை செய்வது வழக்கம்.

எஃகு வில்: இந்தியாவுக்குச் சிறப்பாக உரியது. கூட்டு வில்லின் வடிவத்தையே எஃகில் வார்ப்பின்றி அடித்து உருவாக்கினர். ஈரப்பதம் மிகுந்த மழைக்காலத்தில் கூட்டு வில்லின் பசை இளகும். எஃகு வில்லுக்கு அக்குறை இல்லை. கொட்டிலில் நெடுநாள் வைத்திருந்து தேவைப்படும்போது உடனே பயன்படுத்தலாம். ஆனால் எடை மிகுதி. எய்யும் வேகமும் கூட்டு வில்லைவிடக் குறைவு. நடுவில் திருகு அமைத்து இரண்டாகப் பிரிக்கத்தக்கனவும், பொன் அல்லது வெள்ளி இழை பதித்தனவும் உண்டு. 20 ஆம் நூற்றாண்டில் சுவீடனின் சீஃபாப், இங்கிலாந்தின் அக்கிள்ஸ் அண்டு போலக் ஆகிய நிறுவனங்கள் எஃகுக் குழாயால் விளையாட்டு விற்களைச் செய்தன.

அடுக்கு வில்: மரப்பட்டைகளையும் கண்ணாடியிழையையும் செயற்கைப் பசையால் ஒட்டிச் செய்வது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியது. ஐக்கிய அமெரிக்காவில் சேகரிக்கப்படும் பழைய விற்களிற் பல இவ்வகையின.

பெயர் அறியப்படாத கைவினைஞர்கள்

வட இந்தியாவில் கூட்டு வில் செய்தோர் கமாங்கர் எனப்பட்டனர். பாரசீக மொழியில் கமான் என்பது வில்லையும், கர் என்பது செய்பவரையும் குறிக்கும். துப்பாக்கி பெருகி வில்லின் தேவை குறைந்தபோது இவர்கள் வேறு தொழில்களை நாடினர். வில்லின் மேற்பரப்பில் வண்ணம் தீட்டுவது இவர்களது தொழிலின் ஒரு பகுதியாக இருந்தமையால், குசராத்தின் கச்சுப் பகுதிக் கமாங்கர்கள் சுவரோவியர்களாயினர். அங்குள்ள பழைய மாளிகைகளில் இவர்கள் தீட்டிய ஓவியங்கள் இன்றும் கமாங்கரி ஓவியம் என்றே வழங்குகின்றன. 2001 சனவரி 26 இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் இவ்வோவியங்களைத் தாங்கிய கட்டடங்கள் பல அழிந்தன. வில் மறைந்த பின்னும் வில் செய்த மரபின் பெயர் ஓவியத்தில் தங்கியிருப்பது குறிப்பிடத்தக்கது.

அரண்மனைக் கொட்டில்களில் இருந்த படைக்கலங்களில் எழுத்துகள் காணப்படுவதுண்டு. இராசத்தானின் பிகானேர் கொட்டிலின் படைக்கலங்களில் புள்ளிகளாகக் குத்தப்பட்ட நாகரி எழுத்துகளும் எண்களும் உள்ளன. இவை பெரும்பாலும் இருப்புக் கணக்குக்காகப் பொறிக்கப்பட்டவை. பொருள் எந்தக் கொட்டிலுக்கு உரியது என்பதை இவற்றால் அறியலாம். யார் செய்தது என்பதை அறிய இயலாது.

வேடுவருக்கும் கொல்லருக்கும் இடையிலான உறவு பற்றிய அரிய குறிப்பு ஒன்று இலங்கையிலிருந்து கிடைக்கிறது. கண்டி நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் இராபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் அது இடம்பெற்றுள்ளது. வேடர்கள் இரவில் வந்து, கொல்லரின் பட்டறையில் இறைச்சியையும், தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுச் செல்வர். கொல்லர் அவ்வடிவிலேயே முனைகளைச் செய்து வைத்தால் மேலும் இறைச்சி கொண்டுவந்து தருவர். செய்யாவிடின் அவருக்குத் தீங்கிழைப்பர். செய்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் காணாமலே நடந்த இத்தொழிலில், இருவரின் பெயர்களும் எஞ்சவில்லை.

இங்கிலாந்தில் 1545 இல் மூழ்கி 1982 இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நெடுவிற்கள் கிடைத்தன. அவற்றுட் பலவற்றில் செய்தவரின் குறிகள் வெட்டப்பட்டுள்ளன. குறிகள் இருந்தும் அவை எவருடையவை எனச் சொல்ல முடியாத நிலை உள்ளது.

பெயர் அறியப்பட்ட கைவினைஞர்கள்

செய்தவரின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இருந்த நாடுகளில் வில்லின் வரலாறும் தெளிவாக உள்ளது. உதுமானியத் துருக்கியில் கைவினைஞர் தம் பெயரையும் ஆண்டையும் வில்லில் எழுதுவது வழக்கம். யப்பானின் கியோத்தோ நகரில் சிபாட்டா கன்சூரோ என்னும் பெயரைத் தலைமுறைதோறும் ஏற்று ஒரே குடும்பத்தார் வில் செய்து வருகின்றனர். அப்பெயரைத் தாங்கிய இருபதாமவர் 2013 இல் மறைந்தார். தென்கொரிய அரசு வில், அம்பு செய்யும் கலையை 1971 இல் பாதுகாக்க வேண்டிய மரபாக அறிவித்தது. சீனத்தில் பெய்ச்சிங்கின் சூ யுவான் ஆவ் பட்டறையின் வில் செய்யும் முறை 2006 இல் தேசிய மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இங்கிலாந்தில் சர் ஆசுட்டன் லீவர் 1781 இல் விற்கலைக் கழகம் ஒன்றை நிறுவினார். அவருடன் இணைந்து செயற்பட்ட தாமசு வேரிங்கின் குடும்பத்தார் வில் செய்வோராகப் புகழ்பெற்றனர். வேரிங், ஆல்டிரெட், புக்கானன் முதலியோரின் பெயர் பொறித்த விற்கள் இன்றும் சேகரிப்பாளர்களால் தேடப்படுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் யாகி பழங்குடியின் கடைசி மனிதராக 1911 இல் வெளிவந்த இஷி, மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்கு வில் செய்யவும் எய்யவும் கற்றுக் கொடுத்தார். இஷி 1916 இல் இறந்தார். போப் 1918 இல் யாகி விற்கலை பற்றியும், 1923 இல் பல நாட்டு விற்களை எய்து அளந்த ஆய்வு பற்றியும் எழுதினார். வில் செய்யும் முறை இவ்வளவு விரிவாகப் பதியப்பட்ட பழங்குடிக் கைவினைஞர் வேறெவரும் இலர் எனலாம். ஆயினும் இஷி என்பது யாகி மொழியில் மனிதன் எனப் பொருள்படும் சொல்லே. தம் இயற்பெயரை அவர் எவரிடமும் கூறவில்லை. போப்பின் நூல்களால் தூண்டப்பட்ட தலைமுறையில் பென் பியர்சன் (1898-1971), ஃபிரெட் பேர் (1902-1988), ஏர்ல் ஹொய்ட் (1911-2001) ஆகியோர் வில் செய்யும் தொழிலை வளர்த்தனர். 1969 இல் ஹாலஸ் வில்பர் ஆலன் கப்பி பொருத்திய வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகை பரவியதும் முந்தைய அடுக்கு விற்கள் சேகரிப்புப் பொருள்களாயின.

முதன்மையான சேகரிப்புகள்

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851 இல் தொடங்கப்பட்டது. தஞ்சாவூர் அரண்மனைப் படைக்கலங்களின் ஒரு பகுதி இங்கு உள்ளது. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாசி 1855 இல் ஆண் வாரிசின்றி இறந்தபின், அரண்மனைக் கொட்டிலில் இருந்த பொருள்களில் பெரும்பகுதி 1860களில் உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டது. அவற்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவையே எஞ்சின. ஐதராபாத்து சாலார் சங் அருங்காட்சியகம், புதுதில்லி தேசிய அருங்காட்சியகம், சோத்பூர் மெக்ரான்கர் கோட்டை, செய்ப்பூர் அரண்மனை ஆகியவற்றிலும் இந்தியப் படைக்கலத் தொகுப்புகள் உள்ளன.

வெளிநாடுகளில் இலண்டன் வாலசு சேகரிப்பு, லீட்சு அரச படைக்கல அருங்காட்சியகம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. இலண்டன் இந்திய அருங்காட்சியகத்தின் படைக்கலங்களுக்கு எகர்ட்டன் 1880 இல் விளக்கப் பட்டியல் வெளியிட்டார். அமெரிக்கச் சேகரிப்பாளர் சார்ச்சு கேமரன் ஸ்டோன் 1934 இல் படைக்கலப் பெயர் அகராதி ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவர் இறந்தபோது அவரது சேகரிப்பு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1914 இல் துருக்கி வில்லால் 462 கெசம் (ஏறத்தாழ 422 மீட்டர்) தொலைவு அம்பெய்த இங்கோ சைமன், உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய விற்கள் மான்செசுட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அடையாளங்காணலும் பாதுகாப்பும்

பழைய வில்லின் காலத்தையும் இடத்தையும் மரத்தின் வகை, குறுக்குவெட்டின் வடிவம், நாண் கொளுவும் நுனியின் வெட்டு, கைப்பிடியின் அமைப்பு, பூவேலையின் பாணி ஆகியவற்றைக் கொண்டு கணிக்கின்றனர். தொழிற்சாலை விற்களில் தொடரெண், ஒட்டுமுத்திரை, கைப்பிடியில் பதித்த வட்டத் தகட்டின் உலோகம் ஆகியன ஆண்டைக் காட்டும்.

கூட்டு வில் நாண் கழற்றப்பட்ட நிலையில் எதிர்ப்புறமாக வளைந்து நண்டின் கால்களைப் போலத் தோன்றும். இதை அறியாதவர்கள் ஏற்கனவே உள்ள வளைவின் திசையிலேயே நாணேற்ற முயல்வதால் வில் முறிந்துவிடும். முறையாக நாணேற்றுவதற்கு வில்லை மெல்லச் சூடேற்றி, தேர்ந்த கையால் படிப்படியாக வளைக்க வேண்டும். எனவே காட்சிக்குரிய பழைய வில்லுக்கு நாணேற்றுவதோ, அதை இழுத்துப் பார்ப்பதோ கூடாது என்பது பொது விதி. எஃகு வில்லும் கண்ணுக்குத் தெரியாத விரிசலால் திடீரென உடையக்கூடும்.

வில்லை நாண் கழற்றி, கிடையாக, பல இடங்களில் தாங்குமாறு வைக்க வேண்டும். மூலையில் சாய்த்து வைத்தால் காலப்போக்கில் கோணும். மிகுந்த ஈரமும் மிகுந்த வறட்சியும் பசையைக் கெடுக்கும். கொம்பையும் தசைநாணையும் பூச்சிகள் அரிக்கும். மீண்டும் வண்ணம் பூசுதல், தேய்த்து மெருகிடுதல் ஆகியவற்றால் செய்தவரின் கருவித் தடங்களும் குறிகளும் அழிந்துவிடுவதால் அவை தவிர்க்கப்படுகின்றன.

சட்ட நிலை

1878 ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டம், படைக்கலம் என்பதன் வரையறையில் துப்பாக்கி, வாள், ஈட்டி ஆகியவற்றுடன் வில்லையும் அம்பையும் சேர்த்திருந்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக 1959 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டத்தின்படி நூறாண்டுக்குக் குறையாத பழமை உடைய கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கொள்ளப்படும். தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புதல் தடை செய்யப்பட்டுள்ளது. தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் தேவை.

இன்றைய நிலை

சார்க்கண்டு, இராசத்தான் முதலிய மாநிலங்களின் பழங்குடிகளிடையே மூங்கில் வில் செய்யும் கலை தொடர்கிறது. மேகாலயாவில் காசி மக்கள் மூங்கில் விற்களைக் கொண்டு எய்யும் போட்டிகள் நடைபெறுகின்றன. இந்திய விற்கலைச் சங்கம் 1973 இல் தொடங்கப்பட்டது. அது நடத்தும் தேசியப் போட்டிகளில் உள்நாட்டு மூங்கில் வில்லுக்கெனத் தனிப் பிரிவு உண்டு.

இத்தகைய விற்கள் விலை குறைந்தவையாகவும் எளிதில் கிடைப்பவையாகவும் இருப்பதால் சேகரிப்பாளரின் கவனத்தை மிகுதியாகப் பெறுவதில்லை. அரண்மனைக் கூட்டு விற்களைச் செய்தவர்களின் பெயர்களை இனி மீட்பது அரிது. மூங்கில் வில்லையும் வில்லுப்பாட்டின் வில்லையும் செய்பவர்கள் நம்மிடையே வாழ்பவர்கள் ஆதலால், அவர்களின் பெயரைப் பதிவது இன்றும் இயலும். வில்லுடன் செய்தவரின் பெயர், ஊர், பயன்படுத்திய மரம், மரத்தை வெட்டிய பருவம், நாண் திரித்த முறை, கற்றுக்கொடுத்தவரின் பெயர் ஆகியவற்றை அவரது ஒப்புதலுடன் எழுதி வைப்பது சேகரிப்பின் இன்றியமையாத பகுதியாகும். இக்குறிப்புகள் இல்லாத வில், எத்துணைப் பழையதாயினும், அதன் வரலாற்றின் பாதியை இழந்ததாகவே கருதப்படும்.